பதினொரு மணிக்குக் கண்ணாடி மாளிகை

பிப்ரவரி 9, ஞாயிறு

நிகத் ஆபா வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் அக்கா தானாக வாயைத் திறந்து “வாடி, எங்கயாவது வெளியே போவோம்” என்று சொன்னது இன்றைக்குத்தான். எங்கே என்றால் — கோட்டைக்கு! லாகூரில் பிறந்து, லாகூரிலேயே பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுக்கிற நான், கோட்டைக்குள் கால் வைத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எத்தனை தடவை அவளைக் கெஞ்சியிருப்பேன். ஒரு தடவை வெயில், ஒரு தடவை புகைமூட்டம், ஒரு தடவை மாமியாருக்கு முட்டிவலி. இப்போது அவளே நாள் குறித்துவிட்டாள். 23ஆம் தேதி. நோன்புக்கு முந்தின ஞாயிறு. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

திட்டம் போட்டாயிற்று. கதவு திறந்ததும் உள்ளே. முதலில் சித்திரச் சுவர் — காலை வெளிச்சத்தில் ஓடுகளின் நீலத்தை ஆற அமரப் பார்க்க வேண்டும். சண்டை போடும் யானைகளை நோட்டில் வரைய வேண்டும். அப்புறம் யானைப் படிக்கட்டு. கூட்டம் சேருகிற இடம் என்பதால் கண்ணாடி மாளிகை கடைசியில்.

போனில் ஆபாவிடம் வாசித்துக் காட்டினேன். “எல்லாம் சரி, பதினொரு மணிக்குக் கண்ணாடி மாளிகை முன்னாடி இருந்துடணும்” என்றாள். ஏன் என்றதற்கு, “அப்பதான்டி வெளிச்சம் நல்லா விழும்” என்கிறாள். ஆபாவுக்கு வெளிச்சத்தைப் பற்றி எப்போதிருந்து கவலை?

பிப்ரவரி 14, வெள்ளி

“கோட்டைக்குப் போறப்ப மூஞ்சிக்கு ஏதாவது பூசிட்டுப் போயேன்” என்கிறாள் அம்மி. சுவருக்கு என் மூஞ்சி எப்படி இருந்தால் என்ன?

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆபா புதுத் துப்பட்டா வாங்கி வந்தாள். பளிச்சென்ற மஞ்சள். “போட்டோவுல எடுப்பா இருக்கும்.” நான் கேட்காமலே எனக்கு ஒன்று வாங்கி வருபவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

போன வருஷம் மூன்றாவதாகப் பெண் பார்க்க வந்தவர்கள் சமோசா எல்லாவற்றையும் தின்றுவிட்டு, என் பின்னலை இழுத்துப் பார்த்து, “உசரம் பத்தாது” என்று எழுந்து போனார்கள். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு ஆபாதான் உள்ளே வந்து என் தலைமேல் கை வைத்து, “இனிமே உனக்குத் தெரியாம ஒருத்தரையும் உன்னைப் பார்க்க விடமாட்டேன்” என்று சத்தியம் செய்தாள். அதற்குப் பிறகுதான் இந்த வீட்டில் என்னால் தூங்க முடிந்தது.

பிப்ரவரி 19, புதன்

எட்டாம் வகுப்புக்கு யானைச் சண்டை வரையக் கொடுத்தேன். முப்பத்திரண்டு எருமை வந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

இப்போதே எழுதிவிடுகிறேன்.

அம்மி தொழுகையில் இருந்தாள். அவளுடைய போன் அடித்தது, எடுத்தேன். கல்யாணத் தரகு பார்க்கிற அம்மாள், குல்ஷன் காலா. எனக்கும் ஆபாவுக்கும் போனில் ஒரே குரல். அம்மியே மாற்றிப் பேசுவாள்.

“யாரு, நிகத்தா? நல்லதாப் போச்சு. மஞ்சத் துப்பட்டாதானே? பதினொரு மணி, கண்ணாடி மாளிகை முன்னாடி. பையனோட அம்மா தற்செயலா வர்ற மாதிரி வருவாங்க. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?”

“தெரியாது” என்றேன். அந்த நிமிஷம் வரைக்கும் அது உண்மைதான்.

“தெரியாமலே இருக்கட்டும். தெரிஞ்சா மூஞ்சியை உர்ருனு வச்சுக்கும்.”

அப்படியென்றால் கோட்டை? எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்ற அந்த நாள்? எல்லாம் என்னைக் கடையில் அடுக்கி வைப்பதற்கா? வேறு யார் செய்திருந்தாலும் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். ஆபா... நீ எப்படி ஆபா?

பிப்ரவரி 22, சனி

இன்னும் ஒரு நாள் இருக்கிறது. அவள் வாயால் சொல்லிவிட்டால் போதும், நானே அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு போய் நிற்பேன். சத்தியமாக நிற்பேன்.

மத்தியானம் வந்தாள். “நாளைக்கு நாம ரெண்டு பேர்தானே ஆபா?” என்று கேட்டேன்.

“பின்ன? ஷாஜஹான் வந்து சுத்திக் காட்டுவாரா?” என்று சிரித்தாள்.

“என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

“ஆமா. சீக்கிரம் தூங்கு. கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு.”

பிப்ரவரி 23, ஞாயிறு

மஞ்சள் போடவில்லை. பழுப்புச் சால்வைதான். ஏன் என்று ஆபா கேட்டாள். பிடிக்கவில்லை என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. பராத்தா சுடுகிறேன், செருப்பைக் காணோம் என்று வேண்டுமென்றே இழுத்தடித்துப் பத்தரைக்குத்தான் கிளப்பினாள். ஆட்டோவை விட்டு இறங்கியதும், சுவர் பக்கம்கூடப் போகவிடாமல் கையைப் பிடித்து நேராகக் கண்ணாடி மாளிகைக்கு இழுத்துப் போனாள். போனதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு தூண் பக்கம் ஒதுங்கினாள்.

குல்ஷன் காலாவின் மூளையே மூளை. வசந்தம் பிறந்து ஊரே மஞ்சள் உடுத்துகிற மாதத்தில் மஞ்சளை அடையாளமாகச் சொல்லியிருக்கிறாள்! முற்றம் முழுக்க மஞ்சள். ஏதோ கல்லூரியிலிருந்து வந்த பெண்கள் மட்டுமே ஐம்பது பேர் இருப்பார்கள். பருத்த ஓர் அம்மாள் ஒவ்வொருத்தியாகக் கிட்டே போய் முகத்தைப் பார்க்கிறாள். பின்னால் கார் சாவியைச் சுழற்றியபடி தலை குனிந்து ஒருவன். ஒரு பெண் “என்ன ஆன்ட்டி, என் மூக்குல ஏதாவது ஒட்டியிருக்கா?” என்று கேட்டுவிட்டாள். சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது.

அந்த அம்மாள் ஓய்ந்துபோய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மகளே, இங்க லுப்னானு ஒரு டீச்சரைப் பார்த்தியா? இருபத்திரண்டு வயசாம். மஞ்சத் துப்பட்டா.”

எனக்கு இருபத்தேழு.

“எதுக்கும்மா தேடுறீங்க?”

“அந்தப் பொண்ணேதான் சொல்லிச்சாம், வீட்டுல வேண்டாம், கோட்டையில வந்து பார்க்கட்டும்னு. தங்கமான பொண்ணு. வேலையையும் தானாவே விட்டுடறேன்னு சொல்லிடுச்சாம். அக்காக்காரி நேத்து எங்க வீட்டுக்கே வந்து உறுதி கொடுத்துட்டுப் போனா.”

நேற்று. எனக்குக் கண்ணுக்குக் கீழே கருப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து போன நேற்று.

“நான்தான் லுப்னா. இருபத்தேழு வயசு. வேலையை விடுறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க வரப்போறதையும் யாரும் எனக்குச் சொல்லல.”

மகன் கூரையில் இருந்த கண்ணாடித் துண்டுகளை எண்ணுவதுபோல் நின்றான். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, “மன்னிச்சுக்கோம்மா” என்றாள். பாவம், அவள் என்ன செய்தாள்? மன்னிப்புக் கேட்க வேண்டியவள் தூணுக்குப் பின்னால் நின்றாள். எங்களைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வரவில்லை.

தனியாக வீடு வந்தேன். சுவரைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டதாம். உண்மையைச் சொல்கிற பெண்ணாம். அம்மி பக்கத்து வீடுவரைக்கும் லட்டு கொடுத்துவிட்டாள். நான் முடியாது என்றேன்.

ஆபா கத்தினாள்: “மூணு பேர் வேண்டாம்னு போட்டுட்டுப் போன பொண்ணுக்கு இவ்வளவு திமிரா? எல்லாம் உனக்காகத்தானே பண்ணினேன்! பெரிய வேலை! யானை வரையுற வேலை!”

உனக்காக, உனக்காக. எனக்காகன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே? ஒரு வார்த்தை? பையன் நல்லவனாவே இருக்கட்டும், அதுவா இப்ப பேச்சு? என் தலையில கை வச்சியேடி, அந்தக் கைதானே இது?

“அன்னிக்கு ஏன் சத்தியம் பண்ணின?” என்று மட்டும் கேட்டேன்.

“நீ அழுதே. அழுகையை நிறுத்தணும், அதுக்குப் பண்ணினேன்” என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்குக் குரல்கூட இறங்கவில்லை.

மார்ச் 7, நோன்பு 6

அம்மி இன்னும் பேசவில்லை. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளுகிறாள். முல்தானில் ஒரு பெண்கள் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டேன். தங்க இடம் உண்டாம்.

மார்ச் 31, பெருநாள்

ஆபா வந்தாள். முறைப்படி மூன்று தடவை தழுவிக்கொண்டோம். பக்கத்தில் இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஏப்ரல் 18, வெள்ளி

முல்தானிலிருந்து கடிதம். வேலை கிடைத்துவிட்டது. மே ஐந்தாம் தேதி சேர வேண்டும்.

வாசலிலேயே நின்று இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஆபா. அவள் பிள்ளைக்குப் பல் முளைத்ததையும் மாமியார் முட்டியையும் பற்றிப் பேசினாள். நான் கேட்டுக்கொண்டேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்றும், முதல் சம்பளம் வாங்கிய அன்றும் செருப்புகூடப் போடாமல் அவளிடம்தான் ஓடியிருக்கிறேன்.

“அப்புறம்? உன் பக்கம் என்ன விசேஷம்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல ஆபா. அப்படியேதான் போகுது” என்றேன்.