மணக்காத பெயின்ற்

செவ்வாய்க்கிழமை, இரவு

இவருக்கு மூச்சு இப்ப கொஞ்சம் சீராயிருக்கு. ஆஸ்பத்திரியில் தங்கச்சியை விட்டிட்டு, உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தனான். முன்னறையில் இன்னும் நிற்க ஏலாத மணம். யன்னலெல்லாம் திறந்து விட்டிருக்கிறன். துறைமுகப் பக்கத்துக் காத்தும் இண்டைக்கு இல்லை.

பெயின்ற் அடிக்க வந்த ரவியிடம் முதல் நாளே சொன்னனான். "தம்பி, இவருக்கு ஆஸ்துமா. மணக்காத பெயின்ற்தான் வாங்க வேணும்." "ஓம் அக்கா, நீங்கள் பயப்படாதேங்கோ" எண்டவன்.

மத்தியானம் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். இவர் இருமுற சத்தம் கேட்டு ஓடினன். கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிற்கிறார், உதடு நீலம். இன்ஹேலர் அடிச்சும் அடங்கேல்லை. ரவி ஏணியில் நிண்டு பார்க்கிறான்.

"என்ன பெயின்ற் இது?"

"நீங்கள் சொன்னது கடையில முடிஞ்சுது அக்கா. வேலை சுணங்கக் கூடாதெண்டு இதை வாங்கினன். யன்னல் திறந்துதானே கிடக்கு?"

அவனோட கதைக்க நேரமில்லை. ரோட்டுக்கு ஓடி ஓட்டோ மறிச்சன். அவன்தான் இவரைத் தூக்கி ஏத்தினவன். அதைப் பார்த்தும் எனக்கு அவனில இரக்கம் வரேல்லை.

இப்பதான் போன் எடுத்தான்.

"அண்ணைக்கு எப்பிடி அக்கா?"

"உயிரோட இருக்கிறார்."

பிறகு கேட்கிறான், "நாளைக்கு வந்து மற்றச் சுவரையும் முடிக்கட்டே?"

போனை வைச்சிட்டன். டொக்டர் நாளைக்கே விட்டாலும் இவரை எங்க கொண்டுவந்து படுக்க வைக்கிறது?