இருபத்திரண்டு வோல்ட் விழுந்த இடம்

என் செல்லச் சண்டைக்காரி விமலாவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு எழுதத் தோன்றவில்லை. அழுவதற்கே நேரம் சரியாக இருந்தது. இன்று கோபத்தில் இருக்கிறேன். அதனால் கை தானாக ஓடுகிறது.

நம் அயனம்பாக்கம் குடியிருப்பில், நீ வயர் இழுத்துக் கொடுத்த மோட்டார் அறையில் போன வாரம் புகை வந்தது. வயரின் மேலுறை உருகி, சுவரெல்லாம் கரி. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மறைந்த விமலா செய்த தரமற்ற வயரிங்தான் காரணமாம். ஆவடித் தொழிற்சாலையின் மின்பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவளின் பெயருக்குப் பக்கத்தில் 'தரமற்ற' என்று ஒரு சொல். இதே வயரை ஓர் ஆண் இழுத்திருந்தால், அந்தத் தாள் அவ்வளவு சீக்கிரம் பலகைக்கு வந்திருக்குமா, சொல்?

தாளில் கணக்கும் இருந்தது. மின்னழுத்தம் 228 வோல்ட், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் 8 ஆம்பியர். வகுத்தால் தடை இருபத்தெட்டரை ஓம், பெருக்கினால் 1824 வாட். 'இத்தனை வாட் சூட்டை இந்த வயர் தாங்காது' என்று முடித்திருந்தார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். கோவைக்காரர், ஐடி வேலை, நல்ல மனிதர்தான். பெருக்கலும் வகுத்தலும்கூடச் சரி. ஆனால் என் இயற்பியல் வகுப்பில் வருடம் தவறாமல் நான்கு பேராவது செய்த தப்பை அவரும் செய்திருந்தார்.

அந்த 228 வோல்ட்டும் வயரிலா விழுகிறது? பெரும்பங்கு மோட்டாருக்குப் போகிறது. தண்ணீரை மொட்டைமாடிக்குத் தள்ளுவதே அதுதான். வயரின் தடை வேண்டுமென்றால் வயரின் இரண்டு முனைகளுக்கு நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளிடம் நான் பேருந்தை வைத்துச் சொல்வேன். பூந்தமல்லியில் அறுபது பேரோடு கிளம்புகிற பேருந்தில், குமணன்சாவடியில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கேட்டால் அறுபது என்றா சொல்வீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஒரே ஒரு நிமிடம் மோட்டாரை ஓட்டுங்கள், அளந்து காட்டுகிறேன் என்றேன். எல்லோரும் கீழே இறங்கி வந்தார்கள். குடியிருப்பின் மின்வேலைகளைப் பார்க்கும் வானகரம் முருகேசன் வயருக்கு நடுவில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினார். உன் மீட்டர், உன் ரப்பர் கையுறை, என் கை. "உனுக்கு இன்னாக்கா, சாக்பீஸ்ல ஷாக்கா அடிக்கப் போவுது, நீ தெகிரியமா பேசுவ" என்று என்னை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறாய்! உண்மைதான். முப்பத்திரண்டு வருடம் மின்சாரப் பாடம் நடத்தியவள், அன்றுதான் முதல்முறையாக ஓடுகிற லைனில் மீட்டர் முனையை வைத்தேன்.

அந்தப் பெட்டியை விட்டு அளந்தால், நீ இழுத்த வயரின் முழு நீளத்திலும் விழுந்தது ஒரே ஒரு வோல்ட். எட்டு ஆம்பியருக்கு எட்டு வாட்; அதுவும் நீளம் முழுக்கப் பரவிவிடும், தொட்டால் சூடே தெரியாது. ஆனால் போன மாதம் யாருடைய காருக்கோ சார்ஜர் வைக்க அந்த வயரை நடுவில் வெட்டி, அந்தப் பெட்டிக்குள் மறுபடி இணைத்து ஒரு ஜாயின்ட் போட்டிருந்தார்கள். அந்த ஜாயின்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்தேன். இருபத்திரண்டு வோல்ட், விமலா.

அங்கேயே கணக்குப் போட்டேன். 22ஐ எட்டால் வகுத்தால் 2.75 ஓம். ஒரு விரல்கடை ஜாயின்ட்டில் இவ்வளவு தடை! 22ஐ எட்டால் பெருக்கினால் 176 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு எரியும்போது கை வைக்க முடியுமா? கிட்டத்தட்ட அப்படி இரண்டு பல்புகளை சோப்பு டப்பா அளவுப் பெட்டிக்குள் வைத்து மூடியதுபோல, என்றேன். உருகாமல் என்ன செய்யும்?

முருகேசன் முன்னால் வந்து சொன்னார். "அந்த ஜாயின்ட்டு நான் போட்டதுதான் டீச்சரம்மா. சீக்கிரம் முடி, சீக்கிரம் முடின்னு துரத்திகினே இருந்தாங்க. முறுக்கி டேப்பு சுத்திட்டேன். அக்கா இழுத்த வயர்ல இன்னா கொறை கீது? அத்த மாரி இழுக்க எனுக்கே வராது."

அந்த மனிதர் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. வேலையே போயிருக்கும். போகக்கூடாது என்று அதே இடத்தில் நான் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் செயலாளர் தாளைக் கிழித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "எடுத்துட்டேனுங்க மேடம், விட்டுடுங்க. போனவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

"கிழிச்சா பத்தாது தம்பி. அதே இடத்துல திருத்தி எழுதி ஒட்டணும். அதைப் படிச்சவங்க எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க" என்றேன்.

சங்கத்தில் பேசிச் சொல்கிறேன் என்று போனவர், நான்கு நாளாக லிஃப்டில் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார். இன்னும் மூன்று நாள் கொடுத்திருக்கிறேன்.

அவர் எழுதாவிட்டால் நான் எழுதுவேன், விமலா. மோட்டார் அறைக் கதவில், வெள்ளை பெயிண்டில், தூரத்தில் வருபவருக்கும் தெரிகிற அளவில். வகுத்தல், பெருக்கல், விடை, கீழே உன் முழுப்பெயர். அழித்தால் மறுபடி எழுதுவேன். தினமும் அழித்து அழித்து எழுதியே ஓய்வு பெற்றவள் நான். முதலில் யாருக்குக் கை வலிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உன் பெயரை விட்டுக்கொடுக்காத
அக்கா சரோஜா