ரபேலின் கண் பயிற்சியும் கிள்ளான் சம்பந்தமும்

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1937 ஆகஸ்ட், திங்கட்கிழமை

சிங்கப்பூரில் ரயில் கார்டாக இருக்கும் என் அன்பான வீட்டுக்காரருக்கு பெர்னடெட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? கஷாயத்தை ஜன்னல் வழியாகக் கொட்டாமல் குடியுங்கள்.

நம் மகன் ரபேல் பேச்சை எடுத்தாலே கடிதத்தை மடித்துவிடுவீர்கள். ஆனாலும் படியுங்கள், சிரிப்பு வரும்.

விமானக் கிளப்பில் எஞ்சின் வேலை பார்த்தபடியே ஓட்டவும் பழகுகிறானே, அங்கே சீமையிலிருந்து ஒரு கண் டாக்டர் வந்திருந்தார். விழியை ஓட்டிப் பழகினால் விமானிகளின் பார்வை கூர்மையாகுமா என்று சோதிக்க வேண்டுமாம். பாதிப் பேருக்குப் பயிற்சி, மீதிப் பேர் சும்மா இருக்க வேண்டும். பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராம். நம் பிள்ளைக்குப் பயிற்சி விழுந்தது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்ட வேண்டும். காலையும் மாலையும் வாசலில் நின்று இதையே செய்தான். எதிர்வீட்டு இராஜம்மா மகள்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன மாதம் ரபேலையும் கூட்டிக்கொண்டு என் தம்பி மாரிஸோடு கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் வெரோனிகா இந்தப் பக்கம், அவள் தங்கை அந்தப் பக்கம். பயிற்சி நேரம் வந்துவிட்டதென்று இவன் அங்கேயே ஆரம்பித்துவிட்டான்! பெண்ணின் அப்பா செபாஸ்டியன் எழுந்து, "ஒரு பொண்ணுதான் லா குடுக்கப்போறோம், ரெண்டு பேரையும் ஏன் பாக்குறாரு?" என்று மாரிஸிடம் கேட்டார். மாரிஸ் காப்பி புரையேறி இருமிக்கொண்டிருந்தான். நான்தான் டாக்டர் கதையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. வெரோனிகா மட்டும் காப்பிக் கரண்டியை எடுத்து இவன் முகத்துக்கு எதிரே ஆட்டி, "தலைய ஆட்டாதீங்க, கரண்டியப் பாருங்க" என்றாள். இவன் கரண்டியை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தான். எனக்குப் பெண் பிடித்துவிட்டது.

சென்ற வாரம் சோதனை முடிவு வந்தது. பயிற்சி செய்தவர்கள் எழுத்து அட்டையை முன்பைவிட வேகமாக வாசித்தார்களாம். சும்மா இருந்தவர்களும் அதே அளவு வேகமாக வாசித்தார்களாம்! திரும்பத் திரும்பப் பார்த்ததில் எல்லாருக்கும் அட்டை பழகிவிட்டது, பயிற்சியால் ஒன்றும் கூடவில்லை என்று டாக்டர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஊரே தப்பாக நினைக்கக் கண்ணை உருட்டியதெல்லாம் வீணா என்று ரபேல் அன்று சாப்பிடவே இல்லை. ஆனால் அவன் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னதால், வருகிற சனிக்கிழமை காலை அவனைத் தனியாக ஓட்ட விடுகிறார்கள்.

செபாஸ்டியனுக்கும் செய்தி போய்விட்டது. "மொதல்ல பத்திரமா எறங்கட்டும், அப்புறம் தேதி வைப்போம். அவங்க அப்பாவும் வரணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவன் விமானம் ஓட்டப் பழகுவதற்காக நீங்கள் கோபித்துக்கொண்டு போனதைப் பற்றி ரபேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறான்.

வெள்ளிக்கிழமை இரவு மெயில் ரயிலில் ஏறினால் சனிக்கிழமை விடிய இங்கே இறங்கிவிடலாம். அவனிடம் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். என் பக்கத்தில் நின்றால் போதும். தனியாக அண்ணாந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
பெர்னடெட்