சித்தி, உன் குரலில் பேசச் சொன்னார்கள்

சித்தி,

அப்பா கிரிக்கெட் பார்க்க உட்காருவதற்குள் ரிமோட்டின் கண்ணை மூடி ஒட்டிவிடலாம் என்று இன்று காலையில் டேப் தேடினேன். மேசை இழுப்பறையில் உன்னுடைய வெள்ளை டேப் கிடைத்தது, ஊசி குத்திய கையில் ஒட்டுவாயே, அந்தக் காகித டேப். எங்கள் வீட்டில் எந்த டேப்பை எடுத்தாலும் நுனி எங்கே என்று நகத்தால் சுரண்டிக்கொண்டே அலைய வேண்டும். இதில் நுனி மடித்து வைத்திருந்தது. அடுத்து எடுக்கிறவள் தேடக்கூடாது என்று நீ மடித்த மடிப்பு. அடுத்து எடுத்தவள் நான். ரிமோட்டை மறந்தேன். டேப்பைச் சுவரில் விட்டெறிந்தேன். அது உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. கிடக்கட்டும்.

உன் மேல் அவ்வளவு கோபம் எனக்கு. செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்கிறாள் அம்மா. நான் உன்னைப் பற்றிப் பேசவில்லையே, உன்னிடம்தானே பேசுகிறேன். வார்த்தையில் விளையாடாதே என்பாய். மராத்திக்காரர்கள் ஊரான தாபோடியில் இந்த இரண்டு அறை வீட்டில் வேறு எதில் விளையாடுவது?

டியூட்டி முடிந்ததும் மேல்மாடியில் உன் வீட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில்தான் செருப்பைக் கழற்றுவாய். ஒருநாள் கேட்டேன்: "அம்மாக்கு நீ சிஸ்டர், ஆஸ்பத்திரிக்கு சிஸ்டர், சபையிலயும் சிஸ்டர். மூணு சிஸ்டருக்கும் சேத்து ஒரு சம்பளந்தானா?" நீ பாயில் குப்புறப் படுத்தாய். "மூணு சிஸ்டருக்கும் சேத்து ஒரே முதுகுதாம்ட்டி. வந்து மிதி" என்றாய். பேச்சில் என்னை ஜெயிக்க இந்த வீட்டில் உன் ஒருத்தியால்தான் முடியும்.

உன் குரலையும் நான் விட்டுவைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு உன் குரலிலேயே போன் போட்டு, "பிள்ளைக்குக் காய்ச்சல், டீச்சர்" என்று எனக்கு நானே லீவு வாங்கினேன். கண்டுபிடித்தபோது நீ சிரித்தாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "ஏட்டி, என் குரல்ல நீ பொய் சொன்னா, மேல அது என் கணக்குலல்லா ஏறும்."

பொய் விஷயத்தில் நீ அப்படித்தான். மற்ற நர்ஸ்கள் நோயாளியிடம் "ஒண்ணும் ஆகாது" என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போவார்கள். நீ சொல்லமாட்டாய். "காப்ரு நகா" என்று மட்டும் சொல்வாய், பயப்படாதீர்கள் என்று. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன்.

"ஒண்ணு இல்லட்டி. பயப்படாதீங்கன்னா, நான் பக்கத்துல நிக்கேன்னு அர்த்தம். நிக்கது என் கையில இருக்கு. ஒண்ணும் ஆகாதுங்கது என் கையிலயா இருக்கு?"

போன மழைக்காலத்தில் உன் வார்டுக்குப் பாணேரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வயிற்றில் புற்று. அல்சர் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறோம், நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்று மகன் உன்னிடம் கேட்டுக்கொண்டான். டாக்டரும் தலையாட்டினார். ஒருநாள் டிரிப்ஸ் மாற்றப் போனபோது அந்தப் பெரியவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். "கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறாய், நீ பொய் சொல்லமாட்டாய். இது அல்சர்தானா?" என்று கேட்டார்.

நீ என்ன செய்தாய் என்று எங்கள் சமையலறையில் நின்றபடியே சொன்னாய். "அத நான் சொல்லக்கூடாது பாபா, டாக்டர்தான் சொல்லணும்னேன். ஆனா அல்சர்னு என் வாயால வராதுன்னும் சொல்லிட்டேன்." அவருக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. மகன் வார்டே அதிரக் கத்தினான். உன்னைத் தூக்கி ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள்.

"உண்மையும் சொல்லல, பொய்யும் சொல்லல. நடுவுல நின்னு அந்த மனுசனக் கொன்னுட்டனோன்னு இருக்கு. ஜெபம் பண்ணுனேன். ஒரு பதிலும் வரல."

"டவர் கிடைக்கலயோ என்னவோ" என்றேன். ஈரத் துண்டால் அடித்தாய். ஆனால் நீ அன்று தேநீரைத் தொடவில்லை என்பதை நான் பார்த்தேன். அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகும்போது உனக்கு நன்றியும் சொல்லவில்லை, உன்னைத் திட்டவும் இல்லை. நீ அதை மாதக்கணக்கில் சுமந்துகொண்டு திரிந்தாய்.

அந்த நீதான் எனக்குப் பொய் சொன்னாய்.

"வயித்துல ஒரு சின்னக் கட்டி, எடுத்துட்டு வந்துருவேன்" என்றாய். "என்ன கட்டி? வெல்லக்கட்டியா, கருப்பட்டியா?" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பில் பிடித்தாயா, வலியில் பிடித்தாயா? இப்போது யாரிடம் கேட்பேன்? படியில் பையோடு இறங்கும்போது என் தலையில் கைவைத்து, "ஒண்ணும் ஆகாதுட்டி" என்றாய். அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அதனால்தான் நம்பினேன். மற்ற யார் சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

யாரோ ஒரு பாணேர்க்காரருக்காக வேலையைப் பணயம் வைத்தாயே, எனக்கு ஏன் அதைச் செய்யவில்லை? எனக்கு வேண்டாம், போகட்டும். உன் மகள் கிருபாவுக்கு?

உன்னை அடக்கம் செய்த அன்று கிருபாவைச் சிநேகிதி வீட்டில் விளையாட விட்டிருந்தார்கள். அம்மா நாசரேத்துக்குப் போயிருக்கிறாள் என்று அவளிடம் சொன்னார்கள். தெற்கே இருக்கும் நம் சொந்த ஊரைத்தான் சொன்னார்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது என்ன தெரியும்? "இயேசப்பா வீட்டுக்கா?" என்று கேட்டாள். "அவளுக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு உங்க சித்தியே சொல்லிட்டுத்தாம்ட்டி போனா" என்றார் சித்தப்பா. ஒன்றாம் வகுப்பில் என்ன பரீட்சை, சித்தி?

பாஸ்டர் ஐயா வந்து, "கர்த்தருடைய சித்தம்" என்றார். "சித்தி விஷயத்துல சித்தி சித்தம் என்னன்னு யாராவது கேட்டாங்களா?" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளியது கன்றிப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் உன் வீட்டில் இருந்தோம். அம்மா போன் பண்ணினால்தான் சாப்பிடுவேன் என்று கிருபா தட்டைத் தள்ளிவிட்டாள். சித்தப்பா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தன் போனை என் கையில் திணித்தார்.

"நீதாம் அவள மாதிரியே பேசுவியே. ரெண்டே வார்த்த. 'சாப்பிடு மக்களே'ன்னு மட்டும் சொல்லிரு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். பாஸ்டர் ஐயா வாசலில் நின்று தாழ்ந்த குரலில், "பிள்ளைக்காகத்தானேம்மா. ஆண்டவர் மன்னிப்பார்" என்றார்.

"அவரு மன்னிப்பாரு ஐயா. கிருபா மன்னிப்பாளா?"

"வாய்க்கு வாய் பேசாதட்டி!" என்றாள் அம்மா.

ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏமாற்றுகிறேன் என்று என்னை உட்கார்த்தி வைத்துப் புத்தி சொன்னவர்கள் இவர்கள். ஒரு பிள்ளையை ஏமாற்ற வேண்டி வந்ததும் என்னைத்தான் தேடி வந்தார்கள். சித்தப்பாவே எண்ணை அழுத்தினார், கூடத்தில் எங்கள் அம்மாவின் போன் அடித்தது. அதைக் கிருபா இரண்டு கையாலும் காதில் வைத்து, "அம்மா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். உன் குரல் என் தொண்டை வரை வந்துவிட்டது, சித்தி. 'மக்களே' என்பதில் நீ இழுக்கும் அந்த இழுப்போடு, அச்சாக. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இன்றைக்குப் பேசினால் நாளைக்கும் பேச வேண்டும். எத்தனை வயசு வரைக்கும் நான் அவளுக்கு நீயாக இருப்பது?

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"கிருபா, அம்மா நாசரேத்துல இல்ல. அம்மா வயித்துல கட்டி வந்துச்சுல்லா, அதுல செத்துப் போயிட்டா. இனி வரமாட்டா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அக்கா, பொய்! ப்ராங்க்தான?" என்று எழுந்துபோய்த் திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அலமாரியைத் திறந்து உன் சேலைகளை விலக்கிப் பார்த்தாள். இத்தனை வருஷம் நான் செய்த சேட்டைகளில் அவள் கற்றுக்கொண்டது அதுதான். எங்கேயாவது நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி ஒளிந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக் கடித்தாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை. முன்பல் விழுந்த இடத்தில் மட்டும் தடம் பதியவில்லை. அப்புறம்தான் அழுதாள்.

சித்தப்பா இதுவரை என்னோடு பேசவில்லை. அவளே சொல்ல வேண்டாம் என்றாளே, நீ யாருடி என்று அம்மா இன்னும் கேட்கிறாள். கிருபா இராத்திரியில் பாயை நனைக்கிறாள், அதுவும் என்னால்தானாம். இருக்கலாம். நான் செய்தது சரி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லப்போவதில்லை. நீ சொல்லாமல் விட்ட வேலையை நான் செய்தேன், அதற்கு உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நேற்று எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கிருபா கேட்டாள்: "அக்கா, அம்மாக்கு வலிச்சுதா?"

இல்லை என்று சொல்லும்படி அம்மா எனக்கு ஜாடை காட்டினாள்.

"வலிச்சுது" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டாள். நல்ல கனம் கனக்கிறாள், சித்தி.