அம்மாவின் ரோஜாக் குச்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். தள்ளுவண்டிக்காரனிடம் பூத்துக் குலுங்கிய ரோஜாச்செடி ஒன்று வாங்கினேன். வாசலுக்கு வருவதற்குள் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. அத்தனையும் நூலால் கட்டியிருக்கிறான். ஊருக்கே முடி வெட்டுகிற எனக்கு ஒருத்தன் மொட்டை போட்டுவிட்டான். நீ சிரித்துக்கொள், மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

கடை நடக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அம்மா போனதிலிருந்து திட்ட ஆளில்லாமல் உடம்பு கொஞ்சம் பெருத்திருக்கிறது.

அம்மாவின் ரோஜாவில் ஒரு குச்சி அனுப்பச் சொன்னாயே, அனுப்ப முடியாது கண்ணு. வண்டிச்செடி தனியாக நிற்கிறதே என்று அம்மாவின் செடிகளோடு வைத்தேன். அதற்குத் தண்டு கறுக்கிற நோய். கடையில் ஒரு தலைக்கு வைத்த கத்தரியைக் கழுவாமல் அடுத்த தலைக்கு வைக்க மாட்டேன். இங்கே அதை வெட்டின கையோடு எல்லாவற்றையும் வெட்டினேன். எல்லாம் கறுத்துவிட்டது.

ஒரே ஒரு குச்சி பச்சையாக இருந்தது. உனக்கு அனுப்பத்தான் ஈரத்துணியில் சுற்றி, செடி விற்கிற நர்சரிக்கார அம்மாவிடம் காட்டப் போனேன். அவர் என்னை உள்ளேயே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துக் குச்சியைக் குறுக்கே வெட்டினார். நடுவில் கறுப்பு. இதை அனுப்பினால் மகள் வீட்டுச் செடியும் போகும் என்றார். சரி, புதுச்செடி கொடுங்கள் என்றேன். வீட்டில் இருப்பதைப் பிடுங்கி எரித்துவிட்டு வாருங்கள், அதுவரை என் செடி உங்கள் வீட்டுக்கு வராது என்றார். உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களைக்கூட நான் இப்படி விரட்டியதில்லை.

பிடுங்கினேன். எரித்தேன். அன்றைக்கும் கடை திறந்தேன்.

மறுபடி போனபோது தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. இலையைத் திருப்பி அடியிலும் பார்க்கச் சொன்னார். இரண்டு செடி வாங்கினேன், ஒன்று உனக்கு. அம்மாவுடையது மாதிரி இருக்காது, கோபப்படாதே. தபாலில் அனுப்ப மாட்டேன். நீயே வந்து எடுத்துக்கொள். லீவு கிடைக்காவிட்டாலும் வா. நன்றாயிரு.

புதுச்செடியைக் கொஞ்ச நாள் தனியே வைக்க வேண்டுமாம். ஜன்னலோரம், கட்டிலில் அம்மா படுக்கும் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, அங்கே வைத்தேன். காலையில் தண்ணீர் ஊற்றினேன். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது. மெத்தையை வாசலில் காயப்போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
அப்பா