பூட்ஸ் மட்டும் தெரியும் படம்

குத்துக்கல்வலசை,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

உமாராணி எழுதுகிறேன். நானும் பிள்ளை வடிவும் சுகம். உங்கள் சுகம் தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருக்கும் மலைப்பக்கம் மறுபடி கலவரம், செல்போன் சேவையை நிறுத்திவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். பட்டாள முகாம் விலாசத்துக்குக் கடிதம் போட்டால் எப்படியும் வந்து சேரும் என்று உங்கள் தம்பி பாண்டிராஜ் சொன்னார்.

இங்கே சாரல் நன்றாக விழுகிறது. குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. கிணற்று மோட்டார் ரிப்பேராகிச் சரிசெய்தாகிவிட்டது.

வடிவு சினிமாவில் நடிப்பதைப் போனில் சொல்லியிருந்தேன் அல்லவா? இலங்கைச் சண்டையில் மாட்டிக்கொண்ட ஒரு சிறுமியின் கதை. எடுப்பவர் சுகந்தினி. வன்னியில் பிறந்து, வடிவின் வயதில் அந்தச் சண்டைக்குள் இருந்தவர். இலஞ்சிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் வீடு மாதிரி செட் போட்டு, பதுங்குகுழி வெட்டி எடுக்கிறார்கள். நல்ல மாதிரி. பிள்ளையைப் பயமுறுத்தி நடிக்க வைக்கமாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்தார். ரத்தம் கிடையாது, விமானம் கிடையாது. கேமராவை வடிவின் கண் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரிவது மட்டும்தான் படத்தில் தெரியும். குண்டு விழுவதுகூட வெறும் சத்தம்தான். அதன்பின் காது அடைத்துப்போகுமாம். அருவிக்குள் தலையைக் கொடுத்தால் ஓர் இரைச்சல் கேட்குமே, அதை ஐந்தருவியில் பதிவு செய்து அங்கே சேர்த்திருக்கிறார்கள்.

வடிவுக்கும் அதை ஹெட்போனில் போட்டுக் காட்டினார்கள். அப்புறம் அருவிக்குக் கூட்டிப்போனால் தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. காதைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். போன வாரம் நடந்ததுதான் மனதைப் போட்டு அரிக்கிறது.

ராணுவம் வீட்டுக்குள் நுழைகிற காட்சி. வடிவு கட்டிலுக்கடியில் படுத்திருப்பாள். எடுத்து முடித்ததும் மானிட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். வந்தவர்களுக்கு முகமே இல்லை அத்தான். பூட்ஸ் மட்டும்தான் வருகிறது, நிற்கிறது, திரும்புகிறது. வடிவு கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டாள்: "எம்மா, அப்பா பூட்ஸ் மாதிரியே இருக்குல்லா? அப்பாவும் அங்கன இப்படித்தான் வீட்டுக்குள்ள போவாவளா?"

"ஏட்டி, அப்பா அப்படில்லாம் போகமாட்டாவ. காவலுக்குத்தான் நிக்காவ" என்றேன்.

"அங்கனயும் பிள்ளைங்க கட்டிலுக்கடியில கெடக்குமா?" என்றாள். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு முகத்தையாவது காட்டுங்கள் என்று சுகந்தினியிடம் கெஞ்சினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, அவங்கள் வந்த அண்டைக்கு எனக்கு முகம் தெரியேல்லை. தெரியாததை எப்பிடிக் காட்டுறது?" என்றார். இனி வடிவை அனுப்பாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன் என்றும் சொன்னார்.

நிறுத்திவிடத்தான் நினைத்தேன். வடிவு ஒரே அழுகை. "அந்தப் பிள்ளை தப்பிச்சு வெளிய வாரத இன்னும் எடுக்கலம்மா. நான் போகலன்னா அது அங்கனயே கெடக்கும்லா" என்றாள். மனசு கேட்காமல் கூட்டிப்போனேன். நேற்று அதையும் எடுத்துவிட்டார்கள். வாழைகளுக்கு நடுவே ஓடிவந்தவள், எடுத்து முடித்த பிறகும் நிற்காமல் ஓடிவந்து என்மேல் விழுந்தாள்.

நீங்கள் காவலுக்குத்தான் நிற்கிறீர்கள் என்று அவளிடம் நான் சொன்ன பதில் சரிதானே அத்தான்? உங்களைக் கேள்வி கேட்பதாக நினைக்க வேண்டாம். மேலே உள்ளவர்கள் சொல்வதைத்தான் நீங்கள் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போன் கிடைத்ததும் அதை உங்கள் வாயால் அவளிடம் ஒருமுறை சொல்லுங்கள்.

லீவு கிடைத்து வரும்போது செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். வாசலிலேயே அவள் உயரத்துக்குக் குனிந்து முகத்தைக் காட்டுங்கள். நீங்கள் முழுசாக வந்து சேர்ந்தால் போதும்.

இலஞ்சிக் குமரன் உங்களையும், அங்கே கட்டிலுக்கடியில் கிடக்கும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும்.

உங்கள்
உமா