அப்பாவின் ‘குவேலி’யில் ஓர் எழுத்து கூடுதல்

கிளியனூரிலிருந்து தான்சானியா வரைக்கும் தண்ணீர் தேடிப் போன என் அப்பாவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கு நல்ல சேதியோடு எழுதுகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது அப்பா. திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிற வேலை. சிரிக்காதே. பஸ்ஸில் ‘கிளியனூர் ஒண்ணு’ என்று கேட்பதற்குள் மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்க்கிற உன் பெண்ணுக்குத்தான்.

அதுவும் உன்னால் கிடைத்தது. எப்படி என்று கேட்கமாட்டாயா?

போர்வெல் வண்டியோடு அந்த நாட்டில் எத்தனை வருஷம் இருந்தாய். லீவில் வரும்போது பெட்டியில் கொண்டுவந்ததைவிட வாயில் கொண்டுவந்தது அதிகம். ‘நெசமாவா’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘குவேலியா’ என்பாய். வீட்டுப்பாடம் எழுதச் சொல்ல, ‘உக்காந்து அந்திகா’ என்பாய். அதெல்லாம் சுவாஹிலி என்று எனக்கு யார் சொன்னார்கள்? நம்ம ஊர்ப் பேச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்பில், நாளைக்கு லீவு என்று டீச்சர் சொன்னதும் எழுந்து, “குவேலியா டீச்சர்?” என்று கேட்டேன். “எந்த வேலிடி?” என்றார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நானாக எழுந்து எதையும் கேட்டதில்லை. இதை உன்னிடம் சொன்னதும் இல்லை.

விழுப்புரத்தில் கல்லூரியின் கடைசி வருஷம், நீ இல்லாத முதல் வருஷம். போனில் எதையோ தேடும்போது ஒரு புரோகிராமிங் மொழி கண்ணில் பட்டது. கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற கட்டளைகள் எல்லாம் சுவாஹிலிச் சொற்கள். முதல் வரியிலேயே ‘அந்திகா’, எழுது. ‘இஃப்’ வரவேண்டிய இடத்தில் ‘காமா’. ‘எல்ஸ்’ இடத்தில் ‘சிவ்யோ’. நீ எழுந்து வந்து பேசின மாதிரி இருந்தது.

அம்மா அடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“என்னாடி, போனப் பாத்து தனியா சிரிச்சிக்கினு இருக்க?”

“அப்பா பேசறதெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரியுதும்மா.”

“கட்டிக்கினு வந்த எனக்கே பாதி புரியாது. அதுக்குப் புரிஞ்சிடுச்சாமா?” என்றாள். அப்புறம் கரண்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க, காமா எங்க இருக்கு காட்டு” என்றாள். கூழ் அடிபிடித்துப்போனது. அன்றைக்கு இரண்டு பேரும் அதையே குடித்தோம்.

நேற்றுதான் அந்த சென்டரில் மாதிரி வகுப்பு. ஏற்கெனவே இரண்டு இடத்தில் இதே போல வகுப்பெடுக்கப் போய், பேச்சு வராமல் பாதியில் நின்றுவிட்டேன். இதுவும் போனால் டீச்சர் வேலை என்ற நினைப்பையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சென்டர் சார், “இஃப், எல்ஸ் எடும்மா. இங்கிலீஷ்ல எடு, பேரண்ட்ஸ் அதத்தான் கேக்கறாங்க” என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நான் ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஹரிஷ் என்று ஒருவன், இங்கிலீஷ் மீடியம், நான் முடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். ஓமந்தூரிலிருந்து வருகிற கௌசல்யா பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எனக்கும் அடுத்து என்ன சொல்வது என்று மறந்துபோனது.

என்ன தோன்றியதோ, போர்டில் இருந்த ‘இஃப்’ஐ அழித்துவிட்டு ‘காமா’ என்று எழுதினேன். அதன் கீழே, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் நீ போனில் சொன்னாயே, அதை அப்படியே எழுதினேன்: ‘காமா பாஸானா சைக்கிள். சிவ்யோ மாடு மேய்க்கணும்.’ இதில் எது என்ன அர்த்தம், கண்டுபிடிங்க என்றேன்.

ஹரிஷ் போர்டைத் திரும்பத் திரும்பப் படித்தான். அவனுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. கௌசல்யாதான் மெதுவாக, “காமான்னா ‘ஒருவேளை’ங்களா மிஸ்? சிவ்யோன்னா ‘இல்லாட்டி’யா?” என்றாள். அவ்வளவுதான், இஃப்பும் எல்ஸும் முடிந்துவிட்டது.

உடனே கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினேன். ஐந்து மூன்றைவிடப் பெரியதா என்று கேட்டதும், உண்மை என்பதற்கு kweli என்று திரையில் வந்தது. அடுத்த வரியில் நானே அந்தச் சொல்லை அடித்தேன். ஓடவில்லை. மறுபடி ஓட்டினேன். பிழை, பிழை என்றே வந்தது.

“மிஸ்,” என்றாள் கௌசல்யா, “அது kweli-ன்னு காட்டுச்சு. நீங்க kuweli-ன்னு நடுவுல ஒரு யூவ சேத்து அடிச்சிக்கினு இருக்கீங்க.”

உன் வாயில் கேட்டபடியே அடித்திருக்கிறேன் அப்பா. ‘க்வேலி’ என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டியதை நீ ‘குவேலி’ என்று நீட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய். அங்கே இருந்தவர்கள் யாரும் உன்னைத் திருத்தவே இல்லையா?

“மிஸ்ஸே தப்பு போடறாங்கடா” என்றான் ஹரிஷ். வகுப்பே சிரித்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன். அப்புறம் எல்லாக் கையும் மேலே போனது. தப்பாகச் சொல்ல யாருக்கும் பயமில்லை.

வகுப்பு முடிந்ததும் சார் வந்தார். “என்னம்மா, இங்கிலீஷ்ல எடுக்கச் சொன்னா எந்த நாட்டுப் பாஷைல எடுத்துக்கினு இருக்க?” என்றார். நான் தரையைப் பார்த்தேன். “ஆறு மாசமா அந்தப் பொண்ணு பேசி நான் கேட்டதில்ல. திங்கக்கிழமை வந்துரு. ஆனா ஒரு வாரத்துல அந்த இஃப்பையும் கண்ணுல காட்டிடு.”

கௌசல்யா வாசல் வரைக்கும் வந்து, “இந்த பாஷைய எங்க மிஸ் கத்துக்கினீங்க?” என்று கேட்டாள்.

“இன்டர்நெட்ல” என்றேன்.

வெட்கத்தால் இல்லை அப்பா. உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்றிருந்தது. வேலை கிடைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகாத மிஸ் அழலாமா?

திங்கட்கிழமை முதல் வகுப்பு. போர்டில் ஓர் எழுத்துகூடப் போடுவதற்கு முன்னால், “எங்கப்பா போர்வெல் வண்டியில வேலை செஞ்சார். இது அவரு பேசின பாஷை” என்று கௌசல்யாவைப் பார்த்துச் சொல்வேன். அழுகை வந்தால் வரட்டும். சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் துடைப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் மகள்,
நம் வீட்டின் முதல் ‘மிஸ்’,
தமிழரசி